காற்றுக்கு ஆடாத இலை

லுணுகலை டவுனைத் தாண்டி பிபிலைக்கு இறங்குகிற ரோட்டில், தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஸமீம் முதலாளியின் தோடம்பழத் தோட்டம் இருக்கிறது. மேலே காடு, கீழே ரோடு, நடுவில் சரிவோடு சரிவாக மரங்கள். கேற்றுக்குப் பக்கத்தில் தகரம் போட்ட இரண்டு அறை வீடு. போன வருஷத்துப் பெருமழையில் மலை சரிந்து, தேயிலைத் தொழிலாளர் குடியிருந்த லயத்தின் பாதியை மண் மூடியபோது, அந்த வீட்டைத்தான் முதலாளி ஜீவராணிக்கும் அவள் புருஷன் சதீஸ்குமாருக்கும் திறந்துகொடுத்தார். சதீஸ்குமார் பழத் தோட்டத்துக்குக் காவல். ஜீவராணி வழக்கம்போல விடியவே பெரட்டுக்களத்துக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்கு ஏறுவாள்.

அந்தக் கார்த்திகை மழையோடு பழம் விழத் தொடங்கியது.

முதலில் ஒன்றிரண்டு. மழைக்குக் காம்பு அழுகியிருக்கும் என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒவ்வொரு விடியலிலும் மரத்தடியில் பழம் கிடந்தது. தோல் மஞ்சள் ஏறி, இரண்டொரு நாளில் ஆய்ந்துவிடலாம் என்று கண்வைத்திருந்த பழங்களாகப் பார்த்து விழுந்தன. எடுத்துத் திருப்பினால் ஒவ்வொன்றிலும் ஒரு துளை. வட்டமாக, சுத்தமாக, ஊசி இறங்கியதுபோல. துளையைச் சுற்றித் தோல் வெந்து நிறம் மாறியிருக்கும். அமுக்கினால் புளித்த சாறு பீறிட்டு வரும். உரித்தால் ஒரு பக்கச் சுளை பஞ்சாகக் காய்ந்து கிடக்கும், மறுபக்கம் அழுகல்.

குரங்கு கடித்தால் பல் தெரியும். வௌவால் தின்றால் பாதிப் பழம் போயிருக்கும். கிளி கொத்தினால் தோல் கிழிந்திருக்கும். இதில் அப்படி ஒன்றும் இல்லை. யாரோ ஒரு ஆள் மரத்துக்கு மரம் நின்று, நிதானமாகக் குத்திவிட்டுப் போனமாதிரிதான் இருந்தது.

அதைப் பார்த்ததும் எல்லாருக்கும் சதீஸ்குமார் சொன்ன ஒரு வார்த்தை ஞாபகத்துக்கு வந்தது. பழம் விழத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி, லொறியில் சாக்கு ஏற்றிய அன்று, வெறுஞ்சாக்கில் சில குறைந்தன. ஸமீம் முதலாளி கெட்ட மனிதர் இல்லை. நோன்புக்கும் பொங்கலுக்கும் வீடு தேடிச் சாமான் அனுப்புகிறவர். ஆனாலும் அன்றைக்கு அவருக்கு என்ன கிறுக்குப் பிடித்ததோ, டவுனுக்குக் கிளம்பிய சதீஸ்குமாரை நிறுத்தி, லொறிக்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, பையை வாங்கித் திறந்து பார்த்துவிட்டார். பையில் ஒரு பழைய சேட்டும் மருந்துத் துண்டும் கிடந்தன. குறைந்த சாக்குகள் பிறகு லொறி ஸீட்டுக்குப் பின்னால் அகப்பட்டன. முதலாளி பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

"இந்தப் பழமெல்லாம் மரத்துலயே அழுகிப் போகட்டும்" என்றான் சதீஸ்குமார். உரத்துச் சொல்லவில்லை. இருந்தும் எல்லார் காதிலும் விழுந்தது.

முதலாளியின் மகள் ஆதிலா பதுளையில் போர்டிங்கில் தங்கிக் கெம்பஸில் விவசாயம் படிக்கிறவள். பழ ஈயாக இருக்கும் என்று வாப்பாவிடம் போனில் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவரோடு தோட்டத்துக்கு வந்து, விழுந்த பழத்தில் ஒரு குவியலை வீட்டு வாசலில் கொட்டி, கத்தியால் ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தாள். ஜீவராணி பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தாள். கடைசியில் ஆதிலா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஈ குத்தினா உள்ளுக்குப் புழு ஈக்கணும் வாப்பா. ஒண்டுலயும் இல்ல. ஓட்டையும் இவ்வளவு நேரா, ஊசியால குத்தினாப்போல ஈக்கிது."

அவள் கண்டதைத்தான் சொன்னாள். வாப்பாவின் முகம் போன போக்கை அவள் கவனிக்கவில்லை. ஜீவராணி கவனித்தாள். அவர் கேற்றடியில் நின்ற சதீஸ்குமாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பின்னேரம் முதலாளி தனியே வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு லொறி வரும், சாமான்களைக் கட்டிவைத்திருங்கள் என்றார். இத்தனை நாள் பழகின பழக்கத்துக்காகப் பொலிஸுக்குப் போகவில்லை என்றும் சொன்னார். சதீஸ்குமார் வாசல் கல்லில் உட்கார்ந்து வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தான். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்த மௌனந்தான் ஜீவராணியை அரித்தது. ஒரு வார்த்தை, நான் செய்யவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? முதலாளியிடம் சொல்ல மனம் இல்லாவிட்டால் அவளிடமாவது சொல்லலாம். கேட்டுப் பார்த்தாள். "என்னாத்தக் கேக்குற?" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு அவன் எழுந்து போய்விட்டான்.

போவதற்கு இடமும் ஒன்றுதான் இருந்தது. சதீஸ்குமாரின் அக்கா ரெங்கம்மா குடியிருக்கும் லயக் காம்பரா. சரிந்த மலைக்கு நேர் கீழே, மண் மூடாமல் தப்பிய பாதி அது. ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் அந்தச் சுவரில் சிவப்புப் பெயின்ட் பூசிவிட்டு, மழை நாளில் ஒருவரும் இங்கே இருக்கக்கூடாது என்று சொல்லிப்போனார்கள். எங்கே போய் இருப்பது என்று சொல்லவில்லை. ரெங்கம்மாவும் மகளும் மருமகனும் இரண்டு பிள்ளைகளும் அதே சுவருக்குக் கீழேதான் படுத்து எழும்பினார்கள். ஜீவராணி அந்தச் சரிவு இறங்கிய சத்தத்தைக் கேட்டவள். தேயிலைச் செடிகள் நின்ற நிலையிலேயே கீழே வந்ததைப் பார்த்தவள். இப்போதும் தகரத்தில் மழை பலத்தால் அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை துணி துவைக்க எடுத்தபோது சதீஸ்குமாரின் காற்சட்டைப் பையில் கோணி ஊசி இருந்தது. சாக்கு தைக்கிற ஊசிதான். அவன் பையில் அது இருப்பது புதினமில்லை. ஆனால் அவள் கை அதைக் கீழே வைக்கவில்லை. வாசலில் கிடந்த பழம் ஒன்றை எடுத்து, துளையில் ஊசியின் நுனியை வைத்துப் பார்த்தாள். சரியாக இறங்கியது.

கட்டின காலத்திலிருந்து அவனோடு ஒரே பானையில் சோறு தின்றவள். குடித்த நாளிலும் அவன் ஒருத்தர் பொருளைத் தொட்டதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ரோசம் பிடித்த மனிதன் என்பதும் தெரியும். அதோடு, இந்த நாட்களில் அவன் பொழுதுபடும் நேரத்தில் ஒன்றும் சொல்லாமல் மரங்களுக்குள் போய், நன்றாக இருட்டிய பிறகுதான் திரும்பினான். டோர்ச் கூட எடுத்துப்போவதில்லை. ஜீவராணி ஊசியைத் துணியில் சுற்றி அரிசி டின்னின் அடியில் புதைத்தாள். யாரிடமிருந்து மறைக்கிறோம் என்று அவள் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை பொழுதுபட அவன் எழுந்து போனதும், அவள் அடுப்பைத் தணித்துவிட்டுப் பின்னால் போனாள். மழை விட்டிருந்தது. மரங்களிலிருந்து சொட்டுகிற சத்தத்தில் அவள் நடை கேட்கவில்லை. காட்டோரத்து வரிசையில் ஒரு மரத்தடியில் சதீஸ்குமார் சாக்கைப் போர்த்துக்கொண்டு குந்தியிருந்தான். கையில் ஒரு தடி. வேறு ஒன்றும் இல்லை. வெகுநேரம் நின்று பார்த்தாள். அவன் எழவுமில்லை, ஒரு பழத்தைத் தொடவுமில்லை. வேலிப் பக்கம் பார்ப்பதும் ரோட்டுப் பக்கம் பார்ப்பதுமாக இருந்தான். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவனும் ஆள் பிடிக்கத்தான் உட்கார்ந்திருக்கிறான். குத்துகிறவனைக் கையும் களவுமாகப் பிடித்து முதலாளி முன்னால் நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகு வாயைத் திறக்கலாம் என்று.

நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்க, அதே இடத்தில் வேறொன்று ஏறியது. அவள் திரும்பி நடப்பதற்கு, போன் வெளிச்சத்தைக் கீழே பிடித்தாள். பிடிக்கும்போது வெளிச்சம் ஒரு கிளையைத் தடவிக்கொண்டு போனது. கிளையிலிருந்த பழத்தில் இரண்டு சிவப்புப் பொட்டு மினுங்கியது. பீடி நெருப்புப்போல, ஆனால் அதைவிடச் சின்னதாக.

கிட்டப் போனாள். பழத்தில் ஒரு சருகு ஒட்டிக்கொண்டிருந்தது. தோட மரத்துச் சருகு இல்லை, காட்டிலிருந்து பறந்து வந்த ஏதோ ஒரு இலை. நடு நரம்பு ஓடி, நுனி கூராகி, ஓரம் செல்லரித்த மாதிரி வளைந்து இருந்தது. அதைத் தட்டிவிட அவள் கை நீட்ட, சருகு துடித்தது. அடுத்த கணம் அது பழத்தில் இல்லை. இருட்டுக்குள் படபடவென்று போனதை அவள் காதால்தான் அறிந்தாள். பழத்தில் புதிதாக ஒரு துளை இருந்தது. அதிலிருந்து சாறு ஒரு சொட்டாகத் திரண்டு நின்றது.

சதீஸ்குமார் தடியோடு ஓடி வந்தான். இலை பறந்துபோனது, இலைதான் பழத்தைக் குத்தியது என்று அவள் சொன்னதை அவன் நம்பவில்லை. தன்னைத் தேற்றுவதற்குக் கதை கட்டுகிறாள் என்று நினைத்தான்போல. வா வீட்டுக்கு, நாளைக்குச் சாமான் கட்டணும் என்று முன்னால் நடந்தான். நீ என்னத்துக்கு என் பின்னால் வந்தாய் என்று அவன் கேட்கவில்லை. கேட்டுவிடுவானோ என்று அவள் வழியெல்லாம் பயந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆதிலாவுக்கு அழைத்தாள். ஆதிலா முழுவதையும் இரண்டு தரம் சொல்லச்சொல்லிக் கேட்டாள். பிறகு, விடியச் சுருக்கில் பஸ் பிடித்து வருவதாகவும், வாப்பாவிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லவேண்டாம் என்றும் சொன்னாள். வெறும் வாயால் சொன்னால் அவர் நம்பமாட்டார், பூச்சியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசவேண்டும் என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜீவராணி பெரட்டுக்குப் போகவில்லை. அவள் ரொட்டி சுட்டுக் கட்டச்சம்பல் இடித்து முடிக்க ஆதிலா மழைக்கோட்டோடு வந்து இறங்கினாள். தொப்பியைக் கழற்றக்கூட இல்லை, போனை எடுத்து ஒரு பூச்சியின் படத்தைக் காட்டினாள். கீழ்ச்சிறகு இரண்டும் பழுத்த தோடம்பழ நிறம். அதில் வளைந்த கறுப்புத் திட்டு, ஓரத்தில் கறுப்புக் கரை.

"இதுவா அக்கா?"

"இல்ல ஆதிலா. இதுல இம்புட்டு நெறம் இருக்கே. நான் பாத்தது வெறும் சருகு."

ஆதிலா அடுத்த படத்துக்குத் தள்ளினாள். காய்ந்த இலை ஒன்று குச்சியில் தொங்கியது. ஜீவராணி கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"இதுதான்."

"ரெண்டும் ஒரே பூச்சி. மூடினா எல, விரிச்சா இது. பழம் துளைக்கிற அந்து." மற்ற அந்துப்பூச்சிக்கெல்லாம் உறிஞ்சுகிற குழல் நூல்போல மென்மையாக இருக்கும், இதற்கு மட்டும் நுனி இரும்புபோல, அரம் மாதிரிப் பல் வைத்திருக்கும், தோலைத் துளைத்துத்தான் குடிக்கும் என்று ஆதிலா சொன்னாள். துளை வழியாகப் பூஞ்சணம் இறங்கிப் பழம் அழுகிவிடும். புழுப் பருவம் காட்டில், சீந்தில் மாதிரிக் கொடியில். பழத்தில் ஒருநாளும் புழு இருக்காது. "அண்டைக்கு நான் புழுவத் தேடினேன். இல்லண்டதும் வாயத் தொறந்துட்டேன். ராவெல்லாம் அதான் நெனச்சிட்டு ஈந்தேன்."

பகலில் அது காட்டோரத்தில் சருகோடு சருகாகத் தொங்கும் என்றதும் ஜீவராணி கவ்வாத்துக் கத்தியையும், சோற்றுப்பானையை ஈ மொய்க்காமல் மூடுகிற வலைக்கூடையையும் எடுத்துக்கொண்டாள். சீந்தில் கொடி மேட்டு வேலியைத் தாண்டிப் படர்ந்து கிடப்பது அவளுக்குத் தெரியும். சதீஸ்குமார் உள்ளே பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவர்கள் பேசியது காதில் விழுந்திருக்கும், ஆனாலும் வெளியே வரவில்லை.

காட்டுக்குள் நுழைந்ததும் அட்டை ஏறத் தொடங்கியது. காலில் சவர்க்காரம் பூசியும் பலன் இல்லை. கொடி இருக்கிற இடமெல்லாம் சருகு. கொடியில் தொங்குகிற சருகு, கிளையிடுக்கில் சிக்கிய சருகு, சிலந்தி நூலில் ஆடுகிற சருகு. ஒவ்வொன்றையும் குச்சியால் தொட்டுப் பார்த்தார்கள். ஆதிலா ஒரு மரத்தில் தொடங்கி முறையாகப் போனாள். ஜீவராணிக்கு முறையெல்லாம் ஓடவில்லை. ஜும்ஆவுக்கு முன்னால் என்ற ஒன்றுதான் மண்டைக்குள் அடித்துக்கொண்டிருந்தது. டவுன் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு வாகனச் சத்தத்துக்கும் நின்று காதுகொடுத்தாள். வானம் மறுபடி மூடிக்கொண்டு வந்தது. தொட்டதெல்லாம் நொறுங்கியது, உதிர்ந்தது, ஒன்றுக்கும் உயிர் இல்லை.

பள்ளியில் பாங்கு சொல்லும் நேரமும் நெருங்கிவிட்டது. ஆதிலா ஒரு கல்லில் உட்கார்ந்து காலில் இருந்த அட்டையைப் பிடுங்கினாள். "அக்கா, கெடைக்காட்டியும் நான் வாப்பாகிட்டப் பேசுறன்" என்றாள். அந்தக் குரலிலேயே நம்பிக்கை இல்லை.

அப்போது மழைக்கு முந்திய காற்று மேலேயிருந்து இறங்கியது. காடு முழுக்கச் சலசலத்தது. ஜீவராணிக்கு முன்னால் தொங்கிய கொடியில் இருந்த சருகெல்லாம் ஒரே நேரத்தில் சுழன்று ஆடின. ஒன்று ஆடவில்லை. கொடி ஆடியபோது கொடியோடு சேர்ந்து ஆடியதே தவிர, மற்றச் சருகுபோலத் தன் காம்பில் தானே சுழலவில்லை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். இத்தனை நேரமும் அதைத் தாண்டித்தான் இரண்டு பேரும் போய் வந்திருந்தார்கள். மண்ணிறம், ஓரத்தில் பூஞ்சணம் பிடித்த மாதிரிப் பச்சைப் பொடி, நடு நரம்பு, அதிலிருந்து பிரிகிற சின்ன நரம்பு. இலைக்குக் காம்பு இருக்கிற இடத்தில் கால் இருந்தது. அந்தக் கால் கொடியைப் பற்றியிருந்தது.

அவள் ஆதிலாவுக்குக் கை காட்டினாள். ஆதிலா வலைக்கூடையைக் கீழே பிடிக்க, ஜீவராணி கொடியை ஒரு கையால் அசையாமல் பிடித்து மறுகையால் கவ்வாத்துக் கத்தியை வைத்து அறுத்தாள். வெட்டினால் அதிரும், அதனால் அறுத்தாள். கொடி நார் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வந்தது. கூடைக்குள் இறக்கி, ஆதிலாவின் தோளில் கிடந்த சோலால் வாயை மூடிக் கட்டியபோதும் அது ஒரு இலையாகவே இருந்தது.

வீட்டில் சாமான் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. சதீஸ்குமார் துணி மூட்டையின் வாயைத் தைப்பதற்குக் கோணி ஊசி தேடிக்கொண்டிருந்தான். காற்சட்டையில்தான் வைத்தேன் என்று சொல்லிக்கொண்டே டின்களை இறக்கினான். அரிசி டின்னைக் கவிழ்க்கப் போனான்.

ஜீவராணி கூடையை ஆதிலாவிடம் கொடுத்துவிட்டு வந்து, டின்னுக்குள் கைவிட்டு ஊசியை எடுத்துக் கொடுத்தாள். துணியில் சுற்றியபடியே கொடுத்தாள்.

அவன் அதை அவிழ்த்துப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு வரை ஒரு பொய் வந்தது.

"நான்தான் ஒளிச்சேன்" என்றாள். "ஓட்டைக்கு வச்சுப் பாத்தேன். சரியா இருந்திச்சு."

சதீஸ்குமார் ஊசியின் நுனியை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு அதை மூட்டையின் மேல் குத்தி நிறுத்திவிட்டு, சாக்கைத் தலையில் போர்த்துக்கொண்டு இறங்கி நடந்தான். லயத்துப் பாதையில் அவன் திரும்புகிறவரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டால் வரமாட்டான் என்று தெரியும். மழை பிடித்துக்கொண்டது.

லொறி வந்தபோது அவன் இல்லை. ஸமீம் முதலாளி தொழுகைத் தொப்பியைக் கூடக் கழற்றாமல் இறங்கினார். மகளைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. ஆதிலா கூடையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"எலதானே ஈக்கிது?"

ஆதிலா வலை வழியாகக் குச்சியால் மெல்லத் தொட்டாள். அது ஓர் அங்குலம் நகர்ந்து மறுபடி இலையானது. சரி, பூச்சிதான் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் இந்தப் பூச்சியா தோடம்பழத் தோலைத் துளைக்கிறது என்று கேட்டார். அவர் நகத்தால் கீறினாலே இறங்காத தோல். போனில் இருந்த படத்தைக் காட்டியதற்கு, போனில் எல்லாந்தான் இருக்கும் என்றார். லொறி டிரைவர் நேரம் போகுது முதலாளி என்றான்.

"மஃரிப் வரைக்கும் இருங்க வாப்பா" என்றாள் ஆதிலா. "பொழுதுபட்டா அது எழும்பும். பழத்த உள்ளுக்கு வைக்கிறோம். துளைக்காட்டி நீங்க நெனச்சதச் செய்ங்க."

அவர் மகளையும் பார்த்தார், சாமான் மூட்டைகளையும் பார்த்தார். சதீஸ் எங்கே என்று கேட்டார். ரெங்கம்மா மதினி வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றாள் ஜீவராணி. கடைசியில் அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் பால் விடாத சாயத்தண்ணி ஊற்றிச் சீனியோடு வைத்தாள். அவர் தொடவில்லை. ஆறிப்போனது. மழை தகரத்தில் இரைந்தது. ஜீவராணியின் கண் கூடையில் இருந்தது, காது லயத்து மலைப் பக்கம் இருந்தது. அந்தச் சுவருக்குக் கீழேதான் அவன் இப்போது உட்கார்ந்திருப்பான். பழமும் கொடித் துண்டும் உள்ளே கிடக்க, சருகு அசையவேயில்லை. செத்துப்போய்விட்டதோ என்றுகூட அவள் நினைத்தாள். இருந்த பழத்தில் நல்லதாக, ஒரு தழும்பும் இல்லாததாகப் பார்த்து முதலாளியே ஆய்ந்துவந்து வைத்திருந்தார்.

மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்க மழை தூறலானது. முதலாளி முற்றத்து ஓரத்தில் பாய் விரித்துத் தொழுதுவிட்டு வந்தார். பூச்சி மிரளாமலிருக்க ஆதிலா போன் வெளிச்சத்தின் மேல் ஜீவராணியின் சிவப்புச் சீலைத் துண்டைச் சுற்றிப் பிடித்தாள்.

சருகு நடுங்கியது.

முதலில் குளிருக்கு நடுங்குவதுபோல இருந்தது. நடுக்கம் கூடிக்கொண்டே போய் மேல்சிறகு இரண்டும் விலகின. விலகிய இடத்தில் நெருப்பு நிறம் தெரிந்தது. பழுத்த தோடம்பழமும் மஞ்சளும் கலந்த நிறம், அதன் நடுவில் மை தீட்டிய கறுப்பு. இத்தனை நேரமும் அழுகல் இலையாகக் கிடந்த ஒன்றுக்குள் இவ்வளவும் இருந்ததா என்று ஜீவராணி இன்னும் கிட்டக் குனிந்தாள். அவளை வீட்டைவிட்டுத் துரத்த வந்த பூச்சி அது. அதை வெறுப்பதற்கு அவளுக்குக் காரணம் இருந்தது. இருந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை.

அது பழத்தில் ஏறியது. சுற்றி நடந்து ஒரு இடத்தில் நின்றது. சுருண்டிருந்த குழலை நீட்டித் தோலில் ஊன்றியது. தலை இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது, ஊசியைத் திருகித் திருகி இறக்குவதுபோல. மெல்ல, அவசரமில்லாமல். டிரைவரும் வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். குழல் பாதி இறங்கியது, முழுதும் இறங்கியது. துளையைச் சுற்றிச் சாறு கசிந்து ஈரமானது.

ஸமீம் முதலாளி குந்தியிருந்தபடியே வெகுநேரம் பார்த்தார். அவர் கோபப்படுவார், கூடையோடு மிதித்துவிடுவார் என்று ஜீவராணி எண்ணினாள். "ஸுப்ஹானல்லாஹ்" என்றார், வாய்க்குள்ளே. பிறகு எழுந்து முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

இதற்கு என்ன செய்வது என்று மகளிடம் கேட்டார். பழுக்கிற பழத்துக்கு மருந்தடிக்க முடியாது, திரள்கிறபோதே கடதாசிப் பை கட்டிவிடவேண்டும் என்றாள் ஆதிலா. எல்லா மரத்துக்குமா என்றார். எல்லா மரத்துக்கும் என்றாள். அவர் தலையாட்டினார். பிறகுதான் ஜீவராணி பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நான் பெசகிட்டன். சதீஸ்கிட்டச் செல்லணும்."

"சொல்லுங்க மொதலாளி. அவரு பைய அவுத்தப்ப யாரெல்லாம் நின்னாங்களோ, அவுங்க இருக்கயில சொல்லுங்க. அது ஒங்க ரெண்டு பேர் வெவகாரம்." அவள் லயத்து மலைப் பக்கம் கை காட்டினாள். "எனக்கு வேற ஒண்ணு வேணும். மழ முடியிற வரைக்கும் ரெங்கம்மா மதினி குடும்பம் இந்த வீட்டுல இருக்கட்டும்."

அவர் இரண்டு அறையையும் பார்த்தார். வாசலில் கிடந்த மூட்டைகளைப் பார்த்தார். லொறி சும்மாதானே நிற்கிறது, அதிலேயே போய்க் கூட்டிவாருங்கள் என்றார். மூட்டைகளை உள்ளே தூக்கிவைக்க அவரே முதல் மூட்டைக்குக் கைகொடுத்தார்.

லயத்துக்கு லொறி ஏறாது. ரோட்டில் நிறுத்திவிட்டு ஜீவராணி படிக்கட்டால் ஏறிப் போனாள். காம்பராவில் விளக்கு எரிந்தது. சதீஸ்குமார் வாசல்படியில் உட்கார்ந்து அக்காவின் பேரனை மடியில் வைத்திருந்தான். அவள் அவனைத் தாண்டி நடந்தாள். உள்ளே போய், மதினி, உடுப்பையும் அரிசியையும் மட்டும் கட்டுங்க, கீழே போவோம் என்றாள். ரெங்கம்மா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அன்றைக்குப் பகல் முழுக்க அந்தச் சுவர் வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. எத்தனையோ நாளாக யாராவது வந்து இந்த ஒரு வார்த்தையைச் சொல்லட்டும் என்று இருந்தவள்போல அவள் எழுந்து அடுப்பை அணைத்தாள்.

இறங்கும்போது ரெங்கம்மாவும் மகளும் மருமகனும் பிள்ளைகளும் முன்னால் போனார்கள். அரிசி மூட்டை சதீஸ்குமாரின் தோளில். ஜீவராணி டோர்ச்சை அவன் காலடிக்குப் பிடித்துக்கொண்டு ஒரு படி பின்னால் வந்தாள். பாதித் தூரம் இறங்கியிருந்தார்கள்.

"பூச்சிதானா?" என்றான்.

"பூச்சிதான். மொதலாளி கண்ணால பாத்துட்டாரு."

அவன் மூட்டையைத் தோள் மாற்றினான். "நானும் தெனம் அங்கதானே ஒக்காந்திருந்தேன். ஆளு வருவான் வருவான்னு பாத்துக்கிட்டு."

"நானும் ஆளத்தான் பாத்தேன்" என்றாள் ஜீவராணி.

கீழே லொறியின் முன் விளக்கு எரிந்தது. பிள்ளைகளை ஏற்றிவிடும் சத்தம் கேட்டது. கடைசிப் படிக்கட்டில் அவன் நின்றான். அவன் மேல் முட்டிக்கொள்ளாமல் அவளும் நின்றாள்.

"உசுரோட இருக்கா அது?"

"ஆதிலா தெறந்து விட்டுருச்சு. காட்டுப் பக்கந்தான் போச்சு. மொதலாளி ஒண்ணும் சொல்லல."

சதீஸ்குமார் மூட்டையை லொறியின் தட்டில் இறக்கினான். அவள் ஏறுவதற்குக் கை நீட்டவில்லை, ஆனால் அவள் ஏறி முடிக்கும்வரை கீழேயே நின்றான்.

"நாளைக்கு வந்துச்சுன்னா என்னயக் கூப்புடு" என்றான். "எனக்கும் பாக்கணும்."